காவல் ரிலே

மேசைமேல் இரண்டு போர்டுகள் இருந்தன. ஒன்று நீலம். கையகலப் பலகையில் குட்டிக் குட்டியாக நீலக் கட்டிகளை வரிசையாகப் பதித்து, ஒவ்வொன்றுக்கும் தலைமாட்டில் ஒரு சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள். இன்னொன்று சாம்பல் நிறப் பெட்டி. கையில் எடுத்தால் செங்கல் கனம். உள்ளே இருப்பது தெரியட்டும் என்று விற்பனைக்காரர் அதன் ஒரு பக்கத்தை அறுத்து, காட்டுவதற்காகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்; அதை எடுத்து எதிலும் மாட்ட முடியாது. உண்மையான சாம்பல் போர்டு வேண்டுமென்றால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். நீலமோ, ஒன்றுக்கு இரண்டாகக் கையிலேயே இருந்தது.

எது என்று சொல்ல வேண்டியவள் நான். இந்தச் சோப்புத் தொழிற்சாலைக்கு எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். எனக்கு இங்கே 'ஷாக்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கரண்ட் வேலை பார்ப்பதால் வந்த பெயர் இல்லை. தொட்டால் அடிப்பேன் என்பதால் வந்த பெயர். கோபம் எனக்கு மூக்கு நுனியில்தான் இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

முந்தின நாள் கலவை இயந்திரத்தின் கண்ட்ரோல் பெட்டிக்குள் தண்ணீர் ஒழுகி, பழைய ரிலே போர்டு கருகிப் போனது. கண்ட்ரோலர் தப்பித்தது. ஆனால் கண்ட்ரோலர் உத்தரவு மட்டும்தான் போடும். மோட்டாரைத் தொடுகிற தெம்பு அதற்குக் கிடையாது. அந்த உத்தரவை வாங்கி, பெரிய கரண்டைத் திறந்து மூடுவது பக்கத்தில் இருக்கும் ரிலே போர்டுதான். அது இல்லாததால் கலவை நின்றது, கலவை நின்றதால் தொழிற்சாலையே நின்றது. ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டிய வெள்ளை சோப்பு ஆர்டர் வேறு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

மேனேஜர் நீலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகக் கேட்பார், கேட்டது புரியும். அதனால்தான் அவரோடு சண்டை போடுவது எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

"ரெண்டுலயும் பத்து ஆம்பியர்னுதானே போட்டிருக்கு. அப்புறம் என்ன வித்தியாசம்?"

"நீலத்துல போட்டிருக்கறது பல்பு எரிக்கிறதுக்குப் பத்து ஆம்பியர் சார். நாம பல்பா எரிக்கப் போறோம்? கலவை மோட்டாருக்குக் கரண்டு விடுற பெரிய சுவிட்ச், அதான் காண்டாக்டர், அதை இது இழுக்கணும், விடணும். விடுற ஒவ்வொரு தடவையும் ரிலேக்குள்ள பொறி பறக்கும். பறந்து பறந்து ஒரு நாள் ரெண்டு முனையும் உருகி ஒண்ணா ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் திறக்காது."

"ஒட்டினா தெரிஞ்சிடாதா? லைட்டு எரிஞ்சுட்டே இருக்குமே."

"இருக்காது சார். இந்த லைட்டு உத்தரவு வந்துச்சா இல்லையான்னு மட்டும்தான் காட்டும். உள்ள முனை திறந்துச்சான்னு அதுக்கு எப்படித் தெரியும்? உத்தரவு போனதும் லைட்டு அணைஞ்சிடும். முனை ஒட்டிக்கிட்டுச் சும்மா இருக்கும்." நான் சாம்பல் பெட்டியின் அறுத்த பக்கத்தை அவருக்குக் காட்டினேன். "இதுல ரெண்டு ஜோடி முனையை ஒரே தண்டுல கோத்திருக்கான் பாருங்க. ஒண்ணு ஒட்டிக்கிட்டா இன்னொண்ணும் அசையாது. அந்த இன்னொண்ணைக் கண்ட்ரோலர் பார்த்துட்டே இருக்கும். ஒட்டின அடுத்த தடவையே மோட்டாரை ஓட விடாது."

கலவை இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் பயம் விளங்கும். ஓர் ஆள் உள்ளே குந்தி உட்காரலாம் போன்ற இரும்புத் தொட்டி. மேலே மூடி. உள்ளே நீளவாக்கில், சுருள் சுருளாக ஓர் இரும்பு அலகு. நிறம் மாற்றும்போது பச்சை சோப்பை வடித்துவிட்டு, வெள்ளையை விடுவதற்கு முன்னால் ஓர் ஆள் உள்ளே இறங்கி அலகில் ஒட்டியிருப்பதைச் சுரண்ட வேண்டும். சூட்டோடு சூடாகச் சுரண்ட வேண்டும், ஆறினால் கல்லாகிவிடும். மெயின் சுவிட்சை அணைத்தால் வெந்நீர் பம்பும் சேர்ந்து அணைந்து, குழாயில் இருக்கும் சோப்பெல்லாம் உறைந்துபோகும். அதனால் யாரும் மெயினை அணைப்பதில்லை. மூடியைத் தூக்குவார்கள். எதிரே கண்ட்ரோல் அறைக் கண்ணாடி வழியாக, 'காவல்' என்று எழுதிய ரிலேயின் விளக்கு அணைந்ததா என்று பார்ப்பார்கள். இறங்கிவிடுவார்கள்.

போர்டில் இருக்கும் ஒவ்வொரு கட்டியும் ஒரு ரிலே. மோட்டாருக்கான உத்தரவு அதில் இரண்டு ரிலேக்களைத் தாண்டிப் போகிறது. ஒன்று காவல் ரிலே, இன்னொன்று ஓட்ட ரிலே. மூடியைத் தூக்கினால் காவல் முதலில் துண்டிக்கும், இமைக்கிற நேரத்தில் ஓட்டமும் துண்டிக்கும். எங்கள் ஆட்களுக்கு நிறுத்துகிற பொத்தானை அமுக்கச் சோம்பல். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் தூக்கி நிறுத்துவதுதான் பழக்கம். அதனால் ஒவ்வொரு தடவையும் பொறி பறப்பது காவல் ரிலேயில்தான். அவசரத்துக்கென்று தொட்டி ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் அதையும் அதே காவல் ரிலே வழியாகத்தான் இழுத்து வைத்திருந்தார்.

"சரி, ஒட்டிக்கிச்சுன்னே வச்சுக்குவோம்," என்றார் மேனேஜர். "ஓட்ட ரிலேன்னு இன்னொண்ணு இருக்குல்ல? அது நிறுத்தாதா?"

"நிறுத்தும். ஆனா இந்த நீலத்துக்கு ஒரு வியாதி இருக்கு. கண்ட்ரோலரை அணைச்சுப் போட்டா எல்லா ரிலேயும் ஒரு தடவை கண்ணடிக்குது, உத்தரவு வந்த மாதிரி ஒரு நொடி கரண்டை விட்டுடுது. நாம கலர் மாத்துறப்ப எல்லாம் கண்ட்ரோலரை அணைச்சுத்தானே போடறோம்?"

"காவலுக்கு உத்தரவே மூடி சுவிட்ச் வழியாத்தான் போகுது. மூடி திறந்திருக்கறப்ப அது எப்படிக் கண்ணடிக்கும்?"

"அது கண்ணடிக்காது சார். அது ஏற்கெனவே ஒட்டியிருந்தா?"

"ஒட்டியும் இருக்கணும், அதே நேரத்துல அணைச்சும் போடணும், அதே நேரத்துல ஆளும் உள்ள இருக்கணும்." அவர் பெருமூச்சு விட்டார். "எல்லாம் ஒண்ணா நடக்குமாம்மா?"

அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. பயம்தான் இருந்தது. பயத்தைப் பயமாகச் சொல்ல எனக்கு வராது, அது வாயில் வரும்போது கோபமாகிவிடும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றாள் என் நாத்தனார். என் கணவரின் தங்கை. இதே தொழிற்சாலையில் கலவை ஆபரேட்டர், தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டுகிறவளும் அவள்தான். ஆள் அவ்வளவு ஒல்லி. 'ஈர்க்கு' என்றால்தான் இங்கே எல்லாருக்கும் தெரியும். எங்களோடுதான் குடியிருக்கிறாள். கொஞ்ச நாளாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டில் என் கணவர்தான் இருவருக்கும் நடுவில் தபால்காரர். இங்கே அந்த உத்தியோகம் மேனேஜருக்குக் கிடைத்தது.

"சார், எங்க ஷிஃப்ட் ஆளுங்க சும்மா உட்கார்ந்திருக்காங்க. போர்டு பார்க்கறவங்க பார்த்து முடிச்சிட்டாங்களான்னு கேளுங்க."

"கேக்கறவங்ககிட்ட சொல்லுங்க சார்," என்றேன், "உள்ள இறங்கப் போறது அவங்கதான்னு."

"வீட்லயும் இதே கதைதான் சார். ஆசைப்பட்டு ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன். எர்த் சரியில்ல, ஒயர் சரியில்லன்னு பெட்டியைப் பிரிக்கவே விடல. கூடத்துல மேசை மாதிரி கிடக்கு, அதுமேல இஸ்திரி போடறாங்க. எதையும் நடக்க விடக்கூடாது, அவ்வளவுதான்."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேனேஜர்கூட வாயைத் துடைப்பதுபோல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். என்கீழ் வேலை பார்க்கும் பிட்டர் பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு எது சொன்னாலும் 'ஆகட்டும்' என்று சொல்லித்தான் பழக்கம், சிரிக்கலாமா என்று யாராவது உத்தரவு கொடுக்கட்டும் என்று காத்திருந்தான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

"என்னமோ பண்ணிக்கோங்க!" என்று கத்தினேன். "கொண்டு போய் மாட்டிக்கோங்க! எனக்கென்ன வந்துச்சு!"

ஒரு நீலப் போர்டை அள்ளிக்கொண்டு என் கரண்ட் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எங்கள் வீட்டில் நான் இப்படிச் சொன்னால் அந்தப் பொருளை யாரும் விரலால்கூடத் தொடமாட்டார்கள். எல்லா வீடும் எங்கள் வீடு இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கலவையில் இருப்பதுபோலவே ஒரு காண்டாக்டர் என் அறையில் உபரியாக இருந்தது. நீலப் போர்டின் ஒரு ரிலேயை அதனோடு இணைத்து, சில விநாடிக்கு ஒரு தடவை இழுத்து விடும்படி டைமர் வைத்தேன். ரிலே டக் என்றது, பின்னாலேயே காண்டாக்டர் டொக் என்றது. டக், டொக். நாளைக்குக் காலையில் வந்து பார்த்துவிட்டு, மேனேஜரிடம் காரணத்தோடு பேசலாம் என்று ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் சாப்பிடும்போது நாத்தனார் தன் அண்ணனிடம், "நாளைக்குக் காலையில எனக்குச் சீக்கிரம் போகணும், எழுப்பி விடு," என்றாள்.

கலவைதான் நிற்கிறதே, எதற்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. நான் ஏன் கேட்க வேண்டும்? அவளாகச் சொல்லட்டும். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் போனபோது கலவைக் கூடத்திலிருந்து பம்பு இரைச்சல் மட்டும்தான் வந்தது. மோட்டார் நின்றுதான் இருக்கிறது என்று நினைத்தேன். நேரே கரண்ட் அறைக்குப் போய்க் கதவைத் திறந்தேன்.

டக். டக். டக்.

டொக் இல்லை.

கிட்டே போனேன். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளைபோல. காண்டாக்டர் மட்டும் இழுத்தது இழுத்தபடி, விடாமல், மெதுவாக ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. காண்டாக்டருக்கு வேறு வழியில் கரண்ட் போகிறதோ என்று பார்த்தேன். இல்லை. போர்டின் கம்பியைப் பிடுங்கினேன். விளக்கு செத்தது. காண்டாக்டர் விடவில்லை. உள்ளே ஒட்டிவிட்டது.

ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை அப்படியே மேனேஜரின் மேசையில் கொண்டுபோய் வைக்க வேண்டும், அந்தச் சிரித்த முகங்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். சாட்சிக்கு அந்த இரண்டாவது நீலப் போர்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள் அறைக்குப் போனேன். அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே எதுவும் இல்லை.

மேனேஜர் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார்.

"இன்னொரு போர்டு எங்க சார்?"

"மாட்டியாச்சேம்மா. நேத்து சாயங்காலமே. ராத்திரி பூரா பச்சை ஓடி முடிஞ்சிருச்சு, ஒரு கோளாறும் இல்ல. இப்ப வெள்ளைக்கு மாத்திட்டிருக்காங்க." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "நீங்கதானே மாட்டிக்கோங்கன்னு சொன்னீங்க?"

ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. ராத்திரி முழுக்க மூடியைத் தூக்கித் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். இப்போது நிறம் மாற்றுகிறார்கள் என்றால் அவள் உள்ளே இருக்கிறாள். நிறம் மாற்றுகிறார்கள் என்றால் பிட்டர் கண்ட்ரோலரை அணைத்துப் போடுவான். எல்லாம் ஒன்றாக நடக்குமா என்று கேட்டாரே, நடந்துகொண்டிருந்தது.

"மெயினை அணைங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"மெயினையா? குழாயெல்லாம் உறைஞ்சிடும்மா..." அவருடைய குரல் எனக்குப் பின்னால் எங்கேயோ கேட்டது.

ஓடிக்கொண்டே பிட்டரின் கைப்பேசிக்கு அடித்தேன். கலவைக் கூடத்துக்குள் கைப்பேசி கொண்டு போகக்கூடாது என்பது விதி. வாசல் அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த விதியைப் போடச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். அலமாரியைத் தாண்டும்போது உள்ளே அவனுடைய கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது.

கூடத்துக்குள் ஆவி கவிந்திருந்தது. வெந்நீர் பம்பு இரைந்தது. மேடைமேல் தொட்டியின் மூடி திறந்து நின்றது. எதிர்ச் சுவர் ஓரத்தில், அடுக்கி வைத்த சோப்புப் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் கண்ட்ரோல் அறை. கண்ணாடிக்குப் பின்னால் பிட்டரின் முதுகு தெரிந்தது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான், கை மேலே போயிருந்தது. மெயின் சுவிட்ச் அவனையும் தாண்டி. நான் அங்கே போய்ச் சேருவதற்குள் அவன் பத்துத் தடவை அணைத்துப் போட்டுவிடுவான். மேடை பக்கத்தில் இருந்தது. யோசித்தெல்லாம் முடிவு செய்யவில்லை, கால்கள் மேடைக்கு ஏறிவிட்டன.

எட்டிப் பார்த்தேன். அவள் தொட்டிக்குள் குந்தி உட்கார்ந்து, அலகின் இரண்டு சுருளுக்கு நடுவில் தலையைக் கொடுத்துச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தோள் ஒரு சுருளில் உரசியது. காதுவரைக்கும் பச்சை.

"வெளிய வா!"

அவள் தலை திரும்பவில்லை. சுரண்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

"காது கேக்கலையா? வெளிய வாடி!"

"முடியாது," என்றது தொட்டிக்குள்ளிருந்து குரல். "காவல் லைட்டு அணைஞ்சிருக்கு, பார்த்துட்டுத்தான் இறங்கினேன். இங்கயும் வந்து நிறுத்தாதீங்க. உங்க வேலையைப் பாருங்க அண்ணி."

எத்தனையோ நாள் கழித்து என்னோடு நேராகப் பேசிய பேச்சு அது. நிமிர்ந்து பார்த்தேன். ஆவிக்கு அப்பால், கண்ணாடிக்குப் பின்னால், அந்தக் குட்டிச் சிவப்பு விளக்கு அணைந்துதான் இருந்தது. அதன் பக்கத்தில் மற்ற எல்லா விளக்குகளும் இப்போது சேர்ந்து அணைந்தன. பிட்டர் கண்ட்ரோலரை அணைத்துவிட்டான். அணைத்துவிட்டு மனதுக்குள் எண்ணுவான். நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன், அணைத்த உடனே போடாதே, நிதானமாகப் பத்து எண்ணிவிட்டுப் போடு என்று. சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிறவன்.

ஓரத்தில் சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அமுக்கியும் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் அமுக்கினேன். விளக்கம் சொல்ல நேரம் இல்லை. அவளுடைய கை எட்டவில்லை, குனிந்தால் சட்டையின் தோள்பட்டைத் துணிதான் விரலில் பட்டு வழுக்கியது, சோப்பு. மறுபடியும் அவளைக் கூப்பிட்டேன். அப்போது என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

சுரண்டுகிற சத்தம் நின்றது. அவள் தலையைச் சுருளுக்குள்ளிருந்து உருவி எடுத்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகம் ஒரு மாதிரி வெளுத்துப் போயிருந்தது. சுரண்டியை அப்படியே அலகில் விட்டுவிட்டு, விளிம்பைப் பிடித்து எம்பினாள். நான் அவளுடைய இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து இழுத்தேன். ஒரு கால் வெளியே வந்தது.

"யாரு அண்ணி..." என்று அவள் ஆரம்பித்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் விளக்குகள் எல்லாம் ஒரு தடவை மின்னின. காவல் மட்டும் மின்னவில்லை. டொக் என்று ஒரு சத்தம். அவளுடைய இன்னொரு கால் விளிம்பைத் தாண்டியது, நாங்கள் இருவரும் மேடைமேல் மல்லாக்க விழுந்தோம், தொட்டிக்குள் அலகு ஒரே ஓர் அரைச் சுற்று சுற்றி நின்றது. மரக்கைப்பிடி உடைகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பம்பு எப்போதும்போல இரைந்துகொண்டிருந்தது.

பிட்டர் கதவைத் திறந்து வெளியே வந்தான். "வெள்ளைக்கு ரெடி அக்கா," என்றான். எங்களைப் பார்த்ததும் அவன் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த மேனேஜர் மேடையில் ஏறி எங்களைப் பார்த்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சுரண்டியின் கைப்பிடி இரண்டாகக் கிடந்தது. தகடு, கொஞ்சம் முன்னால் அவள் தலை இருந்த இடத்தில், இரண்டு சுருளுக்கு நடுவில் மடங்கிச் செருகியிருந்தது. இறங்கிப் போய்த் தன் கையாலேயே மெயின் சுவிட்சை இறக்கினார். பம்பு நின்றது. குழாய்களுக்குள் சோப்பு உறைய ஆரம்பித்திருக்கும்.

நான் மீட்டரை எடுத்துவந்து காவல் ரிலேயின் இரண்டு முனையிலும் வைத்தேன். போர்டுக்குக் கரண்டே இல்லை, விளக்கு இல்லை, உத்தரவு இல்லை. மீட்டர் பீப் என்று கத்தியது: ஒட்டியிருக்கிறது. கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். மறுபடியும் கத்தியது. மேனேஜர் வந்து பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது எப்ப ஒட்டியிருக்கும்?" என்றார்.

"தெரியாது சார். ராத்திரி எப்பவோ."

"அப்ப காலையில அவங்க உள்ள இறங்கினப்பவே..."

"ஆமா."

அவர் அங்கேயே நின்றபடி ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்று சொன்னார். வெள்ளை சோப்பு தாமதமாகும், காரணம் கேட்டால் தன் பெயரைச் சொல்லட்டும் என்றார். சாம்பல் போர்டுக்குத் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். சிவப்புப் பொத்தானைத் தனியாகப் பிரித்து நேரே காண்டாக்டருக்கே இழுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். என்னென்ன வேண்டுமோ எழுதிக் கொடுங்கள் என்றார். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த மாதிரியே இல்லை. மாட்டிக்கோங்க என்று சொன்ன வாயும் என்னுடையதுதானே.

நாத்தனாரை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. கை கால் கழுவிக்கொண்டு வந்து, கூடத்துச் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, யார் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எதிரே அடுக்கியிருந்த சோப்புப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொட்டியிலும் குழாயிலும் பச்சை சோப்பு கல்லாகிவிட்டது. சாம்பல் போர்டு வந்து சேருவதற்குள் அதை உளி வைத்துக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். வேறு ஆளை இறக்குகிறேன் என்றார் மேனேஜர். வேறு யாருக்கும் அந்த இடுக்கு கொள்ளாது, நானே செய்கிறேன் என்றாள் நாத்தனார். இரண்டு நாள் கழித்து, இறக்கியே கிடந்த மெயின் சுவிட்சுக்கு ஒரு பூட்டைப் போட்டேன். சாவி ஒன்றே ஒன்று. அதை ஒரு கயிற்றில் கோத்து அவளிடம் நீட்டினேன். அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, தொட்டிக்குள் இறங்கினாள்.

நான் மேடைப் படியில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. உள்ளே உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் எழுந்து போக மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உளி நின்றது.

"அண்ணி."

"என்ன?"

"அன்னிக்கு நீங்க கத்தினப்ப நான் வேணும்னேதான் வரல."

"தெரியும்."

"இல்ல, நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது. நீங்க காலையில எந்திரிச்சதுல இருந்து கத்தறீங்க. பால் பொங்கினா கத்தறீங்க, கதவைச் சாத்தலன்னா கத்தறீங்க, அண்ணன் ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டா தெருவே கேக்கற மாதிரி கத்தறீங்க. அதுல எதுக்கு ஓடி வரணும், எதுக்கு வேண்டாம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. வழக்கமாக இதற்குப் பதிலாக நான் சொல்வது வேறு.

"அப்புறம் எதுக்குடி வந்த?" என்றேன்.

உள்ளே சோப்புத் துண்டுகளைக் கையால் ஒதுக்குகிற சத்தம் கேட்டது.

"'சாமி, வெளிய வந்துடும்மா'ன்னு கெஞ்சினீங்க. அழுதுட்டே கெஞ்சினீங்க. நீங்க யார்கிட்டயும் கெஞ்சி நான் பார்த்ததே இல்ல அண்ணி." உளி ஒரு தடவை சோப்பில் தட்டியது. "யாரோ செத்துப் போயிட்டாங்க, அண்ணனோன்னு நினைச்சேன். யாருன்னு கேக்கத்தான் ஏறி வந்தேன்."